கொல்லையில் எந்த மரம்? பனைக் குடும்பத்தைப் புயலில் வைத்து ஓர் ஒப்பீடு

குளிர் நாடுகளில் வீட்டுத் தோட்டத்துக்குப் பனை வகை ஒன்று வாங்கப் போகிறவர்கள் நர்சரியில் முதலில் கேட்பது, இது எத்தனை டிகிரி குளிர் தாங்கும் என்பதைத்தான். சீனாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன ஒரு விசிறிப் பனை, உறைநிலைக்குக் கீழே பத்துப் பதினைந்து டிகிரி வரை தாங்கிவிடும். நம் தென்னை அந்தக் குளிரில் ஒரு ராத்திரி தாண்டாது. காவிரி டெல்டாவில் மார்கழி விடியலில் போர்வையை இழுத்துக்கொள்கிறோமே தவிர, தண்ணீர் உறைகிற குளிர் நமக்குக் கிடையாது. நமக்கு ஐப்பசி, கார்த்திகைதான் பயம். இங்கே கேட்க வேண்டியது, எந்த மரம் எவ்வளவு காற்று தாங்கும், தாங்காமல் விழுந்தால் எங்கே விழும் என்பது.

புதிதாக வீடு கட்டியவர்கள், 2018 கஜா புயலில் மரம் போய் அந்த இடத்தை இன்னும் சும்மா போட்டு வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் இந்தக் கேள்வி இருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலியோரம் பனை. கிணற்றடிப் பக்கம் குட்டைத் தென்னை. நெட்டைத் தென்னை வைத்தே ஆக வேண்டும் என்றால், அது வளரப்போகிற உயரத்தின் அளவுக்கு வீட்டைவிட்டுத் தள்ளி. அவ்வளவு இடம் இல்லையென்றால் நெட்டையை மறந்துவிடலாம். ஏன் என்பதைக் கீழே எழுதுகிறேன். உங்கள் மண்ணும் மனையும் வேறு மாதிரி இருந்தால் முடிவும் மாறும்.

மரம் எப்படிப் போகிறது

தென்னை, பனை, கமுகு, ஈச்சு நாலும் ஒரே குடும்பம். வேம்பு, புளி மாதிரி இவற்றுக்கு ஆணிவேர் கிடையாது. தூரிலிருந்து ஆயிரக்கணக்கில் வேர்கள் கிளம்பும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய விரல் பருமன்தான். மரத்துக்கு வயதானாலும் வேர் பருக்காது, எண்ணிக்கைதான் கூடும். தண்டும் அப்படியே, வருஷத்துக்கு வருஷம் வளையம் போட்டுப் பெருக்கிற சங்கதி இதில் இல்லை. அதனால் தண்டில் பட்ட காயம் மூடவே மூடாது. ஏறுவதற்கு வசதி என்று தென்னையில் படி வெட்டி வைக்கிறார்களே, அந்த வெட்டு மரம் இருக்கிற வரைக்கும் இருக்கும். மழைத் தண்ணீர் அதில் இறங்கும், தண்டைக் குடைகிற கூன்வண்டுக்கும் அது ஒரு வாசல், காற்று அடிக்கும்போது தண்டு விட்டுக்கொடுக்கிற இடமும் அதுவாகிவிடலாம்.

உச்சியில் ஒரே ஒரு குருத்து. மற்ற மரத்தில் ஒரு கிளை போனால் இன்னொரு பக்கம் துளிர்க்கும். இந்தக் குடும்பத்தில் தனித் தண்டாக நிற்கிற மரத்துக்குக் குருத்து போனால் கதை முடிந்தது. குளிர் நாட்டில் பனி கொல்வதும் இதே குருத்தைத்தான். இங்கே காற்று அதைத் திருகுகிறது.

2018 நவம்பர் 16 விடியும் முன்னே நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா கரையேறியபோது காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் மரத்தின் மேல் விழுகிற அழுத்தம் நாலு மடங்காகும் என்பதை நினைவில் வையுங்கள். வருஷா வருஷம் அடிக்கிற 50, 60 கிலோமீட்டர் காற்றில் அசையாமல் நின்ற மரம் என்பதால் புயலிலும் நிற்கும் என்று கணக்குப் போட முடியாது.

இன்னொரு விஷயம், திசை. வங்கக் கடலிலிருந்து மேற்கே வருகிற புயலின் மையம் உங்கள் ஊர் மேலேயே போனால், முதலில் வடக்கிலிருந்து அடிக்கும். நடுவில் கொஞ்ச நேரம் ஓய்ந்த மாதிரி இருக்கும். அப்புறம் தெற்கிலிருந்து திரும்பி அடிக்கும். முதல் காற்றில் ஒரு பக்கமாக வேர் தளர்ந்து நின்ற மரத்தை இரண்டாவது காற்று மறுபக்கம் சாய்த்துவிடும். ஆகவே "காற்று வடக்கிலிருந்துதான் வரும், மரம் தெற்கே விழும், வீடு வடக்கேதானே இருக்கிறது" என்று நிம்மதியாக இருக்க வேண்டாம்.

சாய்ந்த தென்னை ஒன்றின் தூரைக் கிட்டே போய்ப் பார்த்திருக்கிறீர்களா? மன்னார்குடிப் பக்கத்துக் களிமண்ணில் கஜா பெயர்த்த மரங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி கிடந்தன. ஆறேழு அடி அகலத்துக்கு வேரும் மண்ணுமாக வட்டமாய்ப் பெயர்ந்து, அந்த வட்டம் செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது. ஓரத்தில் சுற்றிலும் வேர் அறுந்த நுனிகள், உள்ளே வெள்ளையும் சிவப்புமாக. வட்டத்தின் அடிப்பக்கம் மட்டும் கிட்டத்தட்ட வழவழப்பாக இருந்தது. கீழே அறுவதற்கு வேரே இல்லை. மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் மேலாகவே நிற்கிற நிலத்தில் வேர் மூச்சுவிட வழியில்லாமல் கீழே இறங்காது, பக்கவாட்டில்தான் ஓடும். நவம்பரில் அந்த மேல்மண்ணும் ஊறிக் குழைந்திருக்கும்போது, அறுபது அடி உயரத்தில் காய்க்குலையோடு ஒரு கொண்டை ஆடினால் தூர் எப்படித் தாங்கும்?

பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கத்துச் செம்மண்ணில் வேர் இறங்க இடம் உண்டு. அங்கேயும் ஏராளமாகச் சாய்ந்தது. கூடவே தண்டு பாதியில் முறிந்த மரங்களும் நிறைய. வேர் பிடித்துக்கொண்டது, தண்டு விட்டுவிட்டது.

மூன்றாவது வகைதான் ஏமாற்றும். மரம் நேராக நிற்கும், மட்டைகூடப் பாதி பச்சையாக இருக்கும். "அப்பாடா, பிழைத்தது" என்று இருப்போம். சில வாரம் கழித்து நடுக்குருத்து மட்டும் வெளுத்து வாடும். பிடித்து இழுத்தால் கையோடு வரும், அடியில் அழுகல் நாற்றம். திருகிய குருத்தில் பூஞ்சை இறங்கிவிட்டது என்று அர்த்தம். புயல் போன கையோடு குருத்தைச் சுத்தம் செய்து, லிட்டருக்கு 3 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கலந்து ஊற்றினால் சிலது தேறும்.

நெட்டைத் தென்னை

நம் பக்கத்தில் தென்னம்பிள்ளை என்று சொன்னாலே கிழக்குக் கரை நெட்டைதான். பட்டுக்கோட்டைக்கும் மன்னார்குடிக்கும் நடுவே இருக்கிற வேப்பங்குளம் ஆராய்ச்சி நிலையத்தின் வேப்பங்குளம் 3 என்ற ரகமும் நெட்டைதான்; அந்தமான் நெட்டையிலிருந்து தேர்ந்தெடுத்தது. ஆறேழு வருஷத்தில் காய்க்கும், அறுபது வருஷத்துக்கு மேல் நிற்கும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் வருஷத்துக்கு 80, 100 காய் தரும். தினம் ஒரு தேங்காய் உடைக்கிற வீட்டுக்கு நாலைந்து மரம் போதும். பருப்பு கனமாக இருக்கும், எண்ணெய் ஆட்டலாம், கீற்று, மட்டை, பாளை எதுவும் வீணாகாது. இதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இருக்காது.

ஆனால் வீட்டுக் கொல்லை என்று வரும்போது இந்த உயரம்தான் சிக்கல். அறுபது அடி மரத்தை வீட்டிலிருந்து பதினைந்து அடியில் வைத்தால், சாய்கிற அன்றைக்குக் கொண்டை சரியாக மொட்டைமாடியில் இருக்கும். ஓட்டு வீடாக இருந்தால் சொல்லவே வேண்டாம். காவிரிக் கரையோரப் பழைய ஊர்களில் தெருவிலிருந்து அடுத்த தெரு வரைக்கும் நீண்ட கொல்லைகள் இருந்தன; கடைசியில் நெட்டையை வைத்தார்கள், விழுந்தாலும் கொல்லைக்குள்ளேயே விழுந்தது. இப்போது பத்துப் பதினைந்து குழி (நம் பக்கத்து நில அளவு) மனை வாங்கி, அதில் முக்கால்வாசி வீடு கட்டிவிட்டு, மீதியில் அதே நெட்டையை வைக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரரின் கூரையும் தெருவில் போகிற மின்கம்பியும் அதன் விழும் வட்டத்துக்குள்தான் வரும்.

மரம் ஏற ஆள் கிடைப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இது வெறும் வசதிப் பிரச்சினை மாதிரித் தெரியும். ஆனால் புயல் எச்சரிக்கை வந்தால் முற்றிய காய், இளநீர்க் குலை, பழுத்த அடிமட்டை எல்லாவற்றையும் இறக்கிக் கொண்டையின் பாரத்தைக் குறைக்க வேண்டும். தோப்புக்காரர்களே ஆள் கிடைக்காமல் தவிக்கிற அந்த இரண்டு நாளில், ஒரு வீட்டு மரத்துக்கு யார் வருவார்கள்? நீங்களே ஏணி போட்டுச் செய்ய முடிகிற உயரத்தில் மரம் இருந்தால் அது ஒரு பெரிய பலம்.

குட்டையும் ஒட்டும்

சௌகாட் ஆரஞ்சு, மலேசியக் குட்டைகள் எல்லாம் மூன்று நாலு வருஷத்தில் பாளை விடும். இளநீர் இனிக்கும். பருப்பு மெலிது, எண்ணெய்க்கு ஆகாது. சட்னிக்கும் குழம்புக்கும் அரைத்தால் நெட்டை ருசி வராது என்று வீட்டில் சொல்வார்கள், அது உண்மைதான். வறட்சி கொஞ்சமும் தாங்காது. காண்டாமிருக வண்டும் கூன்வண்டும் இதன் மேல் சீக்கிரம் கை வைக்கும். ஒரு வருஷம் கொட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த வருஷம் ஓய்வெடுக்கிற குணமும் உண்டு.

காற்றுக் கணக்கில் இதைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது: குட்டை, அதனால் உறுதி. அப்படிச் சொல்ல முடியாது. நெட்டைத் தென்னையின் அடியில் யானைக்கால் மாதிரி பருத்த தூர் இருக்கிறதே, அது குட்டைக்குப் பெரும்பாலும் இருக்காது. தண்டு ஒல்லி. அந்தப் பருத்த தூரைச் சுற்றித்தான் வேர்கள் நெருக்கமாகக் கிளம்பும் என்பதால், அடிக்கு அடி ஒப்பிட்டால் குட்டையின் பிடிமானம் குறைவுதான். அதன் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. கொண்டை தாழ்வாக இருப்பதால் காற்றின் நெம்பு குறைவு. காயை நீங்களே இறக்கிவிடலாம். விழுந்தாலும் இருபது அடிக்குள் முடிந்துவிடும். கூரை போகாது, மரம் மட்டும் போகும். மூன்று நாலு வருஷத்தில் அடுத்த கன்று காய்த்துவிடும். கொல்லைக்கு எனக்கு இதுவே போதும்.

நெட்டையும் குட்டையும் சேர்த்த ஒட்டு ரகம் நடுவழி. காய் பெரிது, நாலைந்து வருஷத்தில் வரும். ஆனால் உயரம் காலப்போக்கில் நெட்டைக்குக் கிட்டத்தில் போய்விடும், உரமும் தண்ணீரும் தாராளமாகக் கேட்கும். கன்று வாங்கும்போது இன்னொரு எச்சரிக்கை: சந்தையில் "ஒட்டு" என்று விற்பதெல்லாம் ஒட்டு இல்லை. வேப்பங்குளம் மாதிரி அரசு ஆராய்ச்சி நிலையத்தில் முன்பதிவு செய்து வாங்குவதே நல்லது.

ரகத்தைவிட முக்கியம் குழி. மூன்றடி நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுத்து, கன்றை இரண்டடி பள்ளத்தில் வைத்து, அது வளர வளர மண் அணைத்துக்கொண்டு வர வேண்டும். அப்போதுதான் தூர் மண்ணுக்குள் இருக்கும், வேர் ஆழத்திலிருந்து கிளம்பும். மேலோட்டமாக வைத்த கன்றுக்குத் தூர் தரைக்கு மேலே தெரியும். சுற்றிலும் வேர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த மரம் பாதி சாய்ந்த மரம் என்றே வைத்துக்கொள்ளலாம். சரி, ஆனால் திருவாரூர்ப் பக்கத்துக் களியில் மூன்றடிக் குழி வெட்டினால் ஐப்பசியில் அது குளமாகிவிடுமே? கன்று அழுகிவிடும். அங்கே முதலில் இரண்டடி மேடு போட்டுக்கொண்டு, மேட்டில் குழி எடுத்து, மணலும் தொழுவுரமும் கலந்து நிரப்ப வேண்டும். மேட்டைச் சுற்றி வடிகால் அவசியம். மேடு போடாமல் ஆழமாக வைப்பதும், ஆழம் இல்லாமல் தரைமட்டத்தில் வைப்பதும் இரண்டுமே தப்பு.

ஏற்கெனவே நிற்கிற மரத்தை வைத்துக்கொள்வதா வெட்டுவதா என்று யோசிப்பவர்கள் தூரைப் பாருங்கள். அடித்தண்டில் செம்பழுப்பாக ஒரு சாறு வடிந்து காய்ந்திருக்கிறதா? தஞ்சாவூர் வாடல் நோயாக இருக்கலாம். 1952-ல் தஞ்சாவூர் மாவட்டக் கடலோரத்தில் கண்டதால் அந்தப் பெயர் வந்தது. நம் ஊர் பெயர் இதற்குப் போய் ஒட்டிக்கொண்டதே என்று வருத்தம்தான். இந்தப் பூஞ்சை வேரை அழுகவைக்கும். மேலே பார்க்க மரம் ஓரளவு நன்றாகவே இருக்கும், கீழே பிடிமானமே இருக்காது. ஆரம்பத்தில் கண்டால் மரத்துக்கு வருஷம் 5 கிலோ வேப்பம்பிண்ணாக்கு வைத்துப் பார்க்கலாம். முற்றிப்போய், வீட்டுப் பக்கமும் சாய்ந்திருந்தால் புரட்டாசிக்குள் இறக்கிவிடுவதே உத்தமம். அதே குழியில் உடனே இன்னொரு தென்னை வைக்கவும் வேண்டாம்.

பனை

"தென்னை வைத்தவன் தின்று சாவான், பனை வைத்தவன் பார்த்துச் சாவான்" என்று பழமொழி. பனை காய்க்கப் பன்னிரண்டு, பதினைந்து வருஷம், சில இடத்தில் இன்னும் கூட ஆகும். அதுவரைக்கும் பெண்பனையா ஆண்பனையா என்பதும் தெரியாது. பழமொழி நியாயமாகத்தான் சொல்கிறது. ஆனால் பனைக்குச் சாதகமாக ஒன்று இருக்கிறது. கஜா போன அடுத்த நாள் தென்னந்தோப்புகள் தரையோடு கிடந்த ஊர்களில்கூட வயல் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் பனைகள் நின்றுகொண்டிருந்தன. பனை விழவே இல்லை என்று சிலர் அடித்துச் சொல்வார்கள், அது மிகை. விழுந்தது, தலை முறிந்ததும் உண்டு. ஆனால் அது அங்கொன்றும் இங்கொன்றும். தென்னையோ வரிசை வரிசையாக.

காரணம் முளையிலேயே ஆரம்பிக்கிறது. பனங்கொட்டையைத் தரையில் போட்டால் அது முதலில் மேலே வராது. ஒரு தண்டை நேராகக் கீழே அனுப்பும். கிழங்கு தோண்டினவர்களுக்குத் தெரியும், ஒன்றரை அடி, இரண்டடி, மண் இளக்கமாக இருந்தால் மூன்றடி ஆழத்தில் அதன் அடி இருக்கும். மரம் தன் தூரைத் தானே புதைத்துக்கொள்கிறது. தென்னைக்கு நாம் குழி வெட்டிச் செய்கிற வேலையைப் பனை சொந்தமாகச் செய்கிறது. அதன் பிறகு பல வருஷம் வடலியாகவே இருந்து, தரையோடு தரையாக அடிப்பருமனையும் வேரையும் சேர்த்துக்கொண்டு, அப்புறம்தான் உயரக் கிளம்பும். வெளித்தண்டில் கறுப்பு நார் வைரம் பாய்ந்து நிற்கும். உள்ளே சோறு மாதிரி மெத்தென்று இருந்தாலும் பாரத்தைத் தாங்குவது அந்த ஓடுதான். கொண்டையும் தண்டின் பருமனோடு பார்த்தால் சின்னது. தென்னை மட்டை பதினைந்து அடிக்கு மேல் நீளும். பனை ஓலையின் வீச்சு அதில் பாதிதான் இருக்கும்.

உப்புக்கும் அஞ்சாது, வறட்சிக்கும் அஞ்சாது. வேதாரண்யம், தலைஞாயிறு மாதிரிக் கடைமடையில் கோடையில் உவர் ஏறுகிற மண்ணில் பனையைவிடக் கவலையில்லாத மரம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்காரர் யோசிக்க வேண்டியது வேறு சில. மட்டையின் கருக்கு ரம்பம் மாதிரி அறுக்கும். ஆவணியில் பனம்பழம் தொப் தொப்பென்று விழும். கார் நிறுத்துகிற இடத்துக்கு மேலே ஆகாது. காய்ந்த ஓலை தொங்கிக்கொண்டே இருந்து காற்றில் பறந்து வரும். இன்னொன்று, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்தது. ஆகவே இப்போது வைத்துவிட்டுப் பின்னால் மாடி கட்டும்போது எடுத்துக்கொள்ளலாம் என்கிற எண்ணத்தோடு வைக்காதீர்கள். எல்லைக்கல் ஓரம், வேலியோரம், வாய்க்கால் கரை என்று யாருக்கும் இடைஞ்சலில்லாத இடம்தான் பனைக்கு. நாலைந்து கொட்டை வரிசையாகப் போட்டால் அதில் ஒன்றிரண்டாவது பெண்ணாக அமையும். நுங்கு நமக்கு இல்லையென்றாலும் பேரன் பேத்திக்கு. வளர்ந்த வரிசை தென்னைக்கும் வாழைக்கும் காற்றுத் தடுப்பாக நிற்பது தனி லாபம்.

கமுகு, ஈச்சு, மற்றவை

கமுகை, அதாவது பாக்கு மரத்தை, நான் புயல் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அரையடிகூட இல்லாத தண்டில் நாற்பது அடி உயரம் போகிற மரம். ஆடும், வளையும், ஒரு கட்டத்தில் முறியும். ஆனால் முறிந்தாலும் அது ஒரு மூங்கில் விழுந்த மாதிரித்தான், ஓடு நாலு உடையும். அதன் உண்மையான பிரச்சினை வெயிலும் தண்ணீரும். நிழலும் ஈரமும் கேட்கும், ஆனால் தண்ணீர் தேங்கினால் வாடும். தென்மேற்கு வெயில் தண்டில் நேராக விழுந்தால் தோல் வெடித்து, அந்த இடமே பிறகு முறிகிற இடமாகும். கும்பகோணம், திருவையாறு பக்கத்துப் படுகை வண்டலில், தென்னைக்கும் வாழைக்கும் நடுவே ஒன்பதடி இடைவெளியில் வைத்தால் அழகாக வரும். கடலோரத்துக்கு ஆகாது.

ஈச்சு வீட்டில் வைக்கிற மரமா என்று கேட்பீர்கள். சிற்றீச்சு கடலோர மணல்மேடுகளில் தானாக முளைத்துக் கிடக்கிறது. ஆளுயரத்துக்குமேல் பெரிதாகப் போகாது, காற்றுக்கு அது குனியக்கூட வேண்டியதில்லை. உப்பு, மணல், வறட்சி எல்லாம் பழகினது. பழம் சின்னது, இனிப்பு, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். முள்தான் ஊசி மாதிரி. கடலோரத்தில் வேலி வேண்டும், ஆடு மாடு நுழையக் கூடாது என்பவர்களுக்கு இதைவிட மலிவான வேலி கிடையாது. சின்னக் குழந்தைகள் ஓடுகிற வீட்டில் வேண்டாம்.

பேரீச்சையைத் திசுவளர்ப்புக் கன்று என்று ஆயிரக்கணக்கில் விலை சொல்லி விற்கிறார்கள். தருமபுரிப் பக்கம் காய்க்கிறது என்பது வாஸ்தவம். அது வறண்ட காற்று உள்ள ஊர். பழம் முற்றுகிற நேரத்தில் மழையும் புழுக்கமும் இருந்தால் பழம் வெடித்து அழுகும். டெல்டாவின் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு அந்தப் பணத்தைக் குட்டைத் தென்னைக்குக் கொடுக்கலாம்.

மீன் வால் மாதிரி இலையோடு இருக்கிற கூந்தல் பனை பார்க்க அழகு. ஆனால் அது ஒரே ஒரு பருவம் பூக்கிற மரம். உச்சியிலிருந்து ஆரம்பித்து வருஷக்கணக்கில் கீழ்நோக்கிக் குலை தள்ளிக்கொண்டே வந்து, கடைசிக் குலையோடு மரமும் பட்டுப்போகும். பட்டுப்போன மரம் வீட்டுப் பக்கத்தில் நின்றால் கார்த்திகைக் காற்றில் அது யாருடைய தலைவலி? பழத்தைத் தொட்டால் அரிக்கவும் அரிக்கும்.

அலங்காரத்துக்கு நர்சரியில் கிடைக்கிற ராயல் பாம், ஃபாக்ஸ்டெயில், பாட்டில் பாம், அரிக்கா பாம் பற்றி நிறைய சொல்ல ஒன்றுமில்லை. அரிக்கா பாம் பாக்கு காய்க்காது. அது மடகாஸ்கரிலிருந்து வந்த வேறு செடி, புதராக வளரும், காற்றில் கிழிந்தாலும் பக்கக் கன்றிலிருந்து மறுபடி வரும். ராயல் பாம் புயல் பழகிய கரீபியக் கடல் பக்கத்து மரம். பலத்த காற்றில் மட்டையைக் கழற்றிவிட்டுத் தண்டைக் காப்பாற்றிக்கொள்ளும் என்பார்கள். ஆனால் கழன்று விழுகிற மட்டை பத்து கிலோவுக்கு மேல் இருக்கும், கீழே நிற்பது யார் என்று பார்க்காது. பனை என்றாலே காற்று தாங்கும் என்று நர்சரிக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் புயல்களுக்குப் பிறகு மரங்களைக் கணக்கெடுத்த பல்கலைக்கழக ஆய்வில், அந்த ஊருக்கே உரிய சபால் பனை நன்றாக நின்றது. வெளியிலிருந்து வந்த ராணிப் பனை மோசமாக விழுந்தது. இரண்டும் இதே குடும்பம்தான்.

எந்த மண்ணுக்கு எது

படுகை வண்டலில், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவையாறு பக்கம், இடம் சிறியது என்றால் இரண்டு குட்டைத் தென்னை, நடுவில் நாலைந்து கமுகு, வேலியில் ஒன்றிரண்டு பனை. திருவாரூர், மன்னார்குடிக் களியில் மேடு போட்ட குட்டை, வரப்பில் பனை, கமுகு வேண்டாம். பட்டுக்கோட்டை, பேராவூரணிச் செம்மண்ணில் இடம் தாராளமாக இருக்கிறவர்கள் நெட்டையே வைக்கலாம், ஆழக்குழியில், 25 அடி இடைவெளியில், வீட்டைவிட்டு அறுபது அடி தள்ளி. தோப்போடு வாழ்ந்த ஊருக்கு நெட்டை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. வேதாரண்யம் மணலில் பனை, சிற்றீச்சு, அப்புறம் இரண்டு தென்னை. தென்னைக்கு உப்பு பெரிய எதிரி இல்லை, ஆனால் கடல்காற்று புயலில் தெளிக்கிற உப்பு மட்டையைக் கருக்கும். மழை பெய்தால் கழுவிவிடும், பெய்யாவிட்டால் நல்ல தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பது உதவும்.

புயல் எச்சரிக்கை வந்ததும் காயை இறக்குங்கள், அடிமட்டைகளைக் கழியுங்கள், தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்துங்கள். நடுக்கொண்டையின் பச்சை மட்டைகளில் கை வைக்க வேண்டாம். மரத்தை மொட்டையடித்தால் காற்று குறையும் என்று சிலர் எல்லாவற்றையும் வெட்டிவிடுகிறார்கள். அப்புறம் குருத்துக்குச் சுற்று ஆதரவே இருக்காது. சாய்ந்தது நாலைந்து வயதுக்குட்பட்ட கன்றாக இருந்தால் வேர் காய்வதற்குள் நிமிர்த்தி, முட்டுக் கொடுத்து, தூரில் மண் அணைத்தால் பிடித்துக்கொள்ளும். பெரிய மரத்தை இயந்திரம் வைத்து நிமிர்த்துவது செலவுக்கு ஈடாகாது. விழுந்த தண்டைக் கொல்லையிலேயே மக்க விடாதீர்கள். காண்டாமிருக வண்டு அதில்தான் முட்டையிடும், அடுத்து உங்கள் புதுக் கன்றின் குருத்தைத்தான் துளைக்கும்.

தென்னங்கன்றை ஆனி ஆடியிலோ, மழை ஓய்ந்த மார்கழி தையிலோ வைக்கலாம். தண்ணீர் தேங்குகிற மண்ணுக்கு எனக்குத் தை மாதமே தோது என்று படுகிறது. அடுத்த மழைக்குள் கன்றுக்கு ஒன்பது மாதம் கிடைக்கும். பனங்கொட்டைக்குக் காசே வேண்டாம். ஆவணி, புரட்டாசியில் வாய்க்கால் கரையில் விழுந்து கிடக்கிற பழத்தைப் பொறுக்கி வந்து, சதையை எடுத்துவிட்டு, நேரடியாக வேலியோரத்தில் அரையடி ஆழத்தில் புதைத்தால் போதும். தொட்டியில் முளைக்க வைத்துப் பிறகு மாற்றலாம் என்று நினைக்காதீர்கள். கீழே இறங்குகிற முளை தொட்டியின் அடியில் முட்டிக்கொண்டு வளைந்துவிடும், அந்த மரத்துக்கு ஆழம் கிடைக்காது.